பிள்ளைகளோட அனிமேஷன் படம் பாக்குற கிறிஸ்தவ வீடுகள்: படம் முடிஞ்ச பிறகு என்ன பேசுறீங்க?

வடசேரி_அம்மா

ஸ்தோத்திரம் எல்லாருக்கும். மூத்தவ அஞ்சாங்கிளாஸ், சின்னவன் யு.கே.ஜி. வீட்டுல இப்போ விடிஞ்சா அடைஞ்சா 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' பாட்டுதான். ஸ்கூல் வேன்லயே மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டா. படத்த இன்னும் பாக்கல. பேரக் கேட்டதும் மாமி, "குடும்ப ஜெபம் நடக்குற வீட்டுல பிசாசு படமா?"ன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. வீட்டுக்காரர், "பாட்டுதானே, விடு"ங்கிறார்.

பாக்க விடலாமா கூடாதான்னு கேக்க நான் வரல. அந்தச் சண்டைக்கு இங்க ஏற்கெனவே வேண்டிய மட்டும் இழை கிடக்கு. கூட உக்காந்து பாத்தா, முடிஞ்ச பிறகு என்ன பேசுறதுங்கிறதுதான் என் கேள்வி. நான் வாயத் திறந்தாலே "அம்மா, பிரசங்கமா?"ன்னு கண்ண உருட்டுறா. உங்க வீடுகள்ல எந்தப் படத்துக்கு எந்தப் பேச்சு எடுபட்டுது? அதச் சொல்லுங்க.

பாளை_அண்ணாச்சி

தங்கச்சி, கேக்காததச் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எங்க காலத்துல சினிமா கொட்டகைப் பக்கம் தலை வச்சுப் படுத்தா அப்பா பெல்ட்ட எடுத்துருவாங்க. அது அதிகம்னு இப்போ தோணுது, சரி. ஆனா பிலிப்பியர் 4:8 மாறலையே. உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, கற்புள்ளவை, அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்னுதானே இருக்கு? பேர்லயே பேய வச்சிருக்கிற படத்த உக்காந்து பாத்துட்டு அப்புறம் அதுல நல்லது தேடுறது என்ன கணக்கு? வேதப் படம் இல்லாமலா போச்சு? 'சூப்பர்புக்' தமிழ்லயே கிடைக்கு. பேரப்பிள்ளைகளுக்கு அதத்தான் போட்டுக் காட்டுறேன்.

வேளச்சேரி_அப்பா

அண்ணாச்சி, சூப்பர்புக் எங்க வீட்டிலயும் ஓடுது. 1981ல ஜப்பானில் டட்சுனோகோ நிறுவனம் செஞ்சது முதல் வரிசை. இப்போ நம்ம பிள்ளைகள் பாக்குறது 2011ல இருந்து வர்ற புது வரிசை. அதுக்கும் பின்னாடி வர்றேன்.

வடசேரி அக்காவுக்கு முதல்ல. அந்தப் படத்தை எங்க பிள்ளைகளோட பாத்தாச்சு. கதையைச் சொல்லிடறேன், மாமிக்கும் உதவும். மூணு பாடகிகள், ரகசியமா பேய்களை அடக்குறவங்க. அவங்க பாட்டால உலகத்துக்கு ஒரு காவல் வேலி உண்டாகுது. மூணு பேர்ல தலைவி ரூமி. அவளோட அப்பா பேய், அம்மா வேட்டைக்காரி. அதனால அவ உடம்புல கோடு கோடா ஒரு அடையாளம் பரவிக்கிட்டே போகுது. அவளை வளத்த செலின், குறையையும் பயத்தையும் வெளிய காட்டவே கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்திருக்கா. முழுக்கைச் சட்டைக்குள்ளயே காலம் தள்ளுறா பொண்ணு.

இதுல பேய் எனக்குப் பெரிய சிக்கலாப் படல. பேய் கெட்டதுன்னுதான் படமும் சொல்லுது. நான் உக்காந்து கவனிச்சது வேற ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பேய்களோட ராஜா க்வி-மா என்ன செய்றான்னு பாருங்க. வாளும் வேலும் தூக்கிட்டு வரல. ஒவ்வொருத்தன் காதுலயும் அவனவன் செஞ்ச தப்பையே ஓதிக்கிட்டு இருக்கான். இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு யோசிச்சேன். வெளிப்படுத்தல் 12:10ல சத்துருவுக்கு என்ன பேரு? இராப்பகலாக் குற்றம் சாட்டுகிறவன். சகரியா 3ஆம் அதிகாரத்தை எடுத்து மகள்கிட்டயே வாசிக்கக் கொடுத்தேன். பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோட நிக்கிறான், பக்கத்துல சாத்தான் குற்றம் சாட்ட நிக்கிறான். கர்த்தர் யோசுவாவைத் திட்டல. சாத்தானைக் கடிந்துகொண்டு, அழுக்கு வஸ்திரத்தைக் களையச் சொல்லி வேற வஸ்திரம் உடுத்துறார். "அப்ப ரூமிக்கு அந்தக் கோடு போச்சா?"ன்னு மட்டும் கேட்டேன். போகல, நிறம்தான் மாறிச்சுன்னா. யாரு அவளை மன்னிச்சான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "யாரும் இல்லப்பா, அவளே ஏத்துக்கிட்டா"ன்னா. நான் சொல்ல நினைச்சதை அவளே சொல்லிட்டா. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல.

இரண்டாவது, பேய்ப் பசங்களோட பாட்டுக் குழு கடைசியா ஒரு கச்சேரி நடத்தும். ரசிகர்கள் தங்களையே விக்கிரகமாக் கும்பிடணும்னு பாடுற பாட்டு. பெரும்பாலான பெற்றோர் பதறுறது இந்தப் பாட்டுக்குத்தான். எனக்கு என்னமோ படத்துலயே ரொம்ப நேர்மையான இடம் அதுன்னு தோணுது. விக்கிரகம் எப்படி ஆளை விழுங்குதுன்னு பச்சையாக் காட்டியிருக்கான். கட்அவுட்டுக்குப் பால் ஊத்துற ஊர்ல இருந்துக்கிட்டு பிள்ளைக்குப் பத்துக் கட்டளையில முதல் கட்டளையை விளக்க இதைவிட வசதி எங்க கிடைக்கும்?

வடசேரி_அம்மா

அண்ணன், கேள்வி கேட்டுட்டு நிறுத்துறது சொல்றதுக்கு லேசு. எங்க வீட்டுல நான் நிறுத்துனா மாமி ஆரம்பிச்சுருவாங்க.

ஸ்கார்பரோ_சித்தப்பா

மாமியையும் கூட இருத்திப் படம் பாக்க வையுங்கோ பிள்ளை. எங்கட வீட்டிலை அம்மாதான் முதல் அழுகிறவா.

நான் வேறை ஒண்டு சொல்ல வந்தனான். கிறிஸ்தவப் படம் எண்டால் பயமில்லை எண்டு அண்ணாச்சி நினைக்கிறார். 'வெஜி டேல்ஸ்' எண்டு ஒரு தொடர், 1993இல் ஃபில் விஷரும் மைக் நவ்ராக்கியும் தொடங்கினது. தக்காளியும் வெள்ளரிக்காயும் வேதக் கதை சொல்லுங்கள். இஞ்சை கனடாவிலை தொண்ணூறுகளிலை வளர்ந்த சபைப் பிள்ளையளுக்கு அந்த வீடியோ கசற்றுகள்தான் சனிக்கிழமை. பொய் சொல்லாதே, பகிர்ந்து சாப்பிடு, மன்னி எண்டு வடிவாச் சொல்லித் தருவினம். நிறுவனம் 2003இல் வங்குரோத்தாகிப் போச்சு. பிறகு கன வருசம் கழிச்சு விஷர் தானே ஒரு பேட்டியிலை சொன்னவர்: தான் பிள்ளையளுக்குக் கிறிஸ்தவனைப் போல நடக்கத்தான் படிப்பிச்சன், கிறிஸ்தவத்தைப் படிப்பிக்கேல்லை எண்டு. அதை வாசிச்ச அண்டு நான் கன நேரம் யோசிச்சன். ஏனெண்டால் நாங்களும் சண்டே ஸ்கூலிலை அதைத்தானே செய்யிறம். தாவீது எண்டால் தைரியம், தானியேல் எண்டால் ஜெபம், யோனா எண்டால் கீழ்ப்படிவு. கதையைப் பிழிஞ்சு ஒரு சொட்டுப் புத்திமதி எடுத்துப்போட்டுச் சக்கையை எறியிறம்.

யோனாவை எடுங்கோ. 2002இல் அவையள் எடுத்த படம் சிரிப்பாத்தான் இருக்கும். நினிவே ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் மீனாலை அடிச்சுத் திரிவினம். ஆனால் வேதத்திலை யோனாப் புத்தகம் எப்பிடி முடியுது எண்டு பிள்ளையளிட்டைக் கேளுங்கோ. மீன் கக்கினதோடை முடிஞ்சுது எண்டுதான் சொல்லுவினம். அது ரண்டாம் அதிகாரம். கடைசியிலை யோனா ஆமணக்குச் செடிக்காகக் கோவிச்சுக்கொண்டு இருக்கிறான், தேவன் கேள்வி கேக்கிறார், பதில் இல்லாமலே புத்தகம் முடியுது. வலதுகை இடதுகை தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் மிருகங்களுக்கும் நான் இரங்காமல் இருப்பனோ எண்டு. அந்தப் படமும் இந்த இடம் வரை வந்து அந்தரத்திலைதான் நிக்குது. எனக்குத் தெரிஞ்ச வேறை ஒரு கார்ட்டூனும் இப்பிடி நிக்காது.

மறைக்கல்வி_டீச்சர் (தூத்துக்குடி)

வணக்கம். நாங்கள் கத்தோலிக்கர், இங்கே சிறுபான்மை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அதிகம் பேச வைத்த படம் 'கோகோ', 2017இல் வந்தது. மெக்சிகோவில் இறந்தோர் நாளில் நடக்கிற கதை. வீட்டில் முன்னோர் படங்களை வைத்து, விளக்கேற்றி, செண்டுப்பூ இதழ்களால் வழி போடுவார்கள். அந்த இதழ்ப் பாலத்தில் நடந்து இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். மிகேல் என்ற பையன் தவறிப்போய் அந்தப் பக்கம் போய்விடுகிறான்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னே நாங்களும் போய்ப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வருவோம். படத்தைப் பார்த்த என் பிள்ளைகளுக்கு எதுவுமே வேற்று நாடாகத் தெரியவில்லை. "அம்மா, செவ்வந்தி வாசம் வருது" என்றான் சின்னவன்.

அவர்களை உலுக்கியது ஒரே ஒரு விஷயம். உயிரோடு இருக்கிற யாரும் நினைக்காவிட்டால் இறந்தவர் அங்கேயும் இல்லாமல் போய்விடுவார் என்று படத்தில் ஒரு விதி. எக்டர் அப்படிக் கரைந்துகொண்டிருக்கிறார், அவர் மகள் கோகோப் பாட்டிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருப்பதால். படம் முடிந்து படுக்கப் போகும்போது பெரியவள் கேட்டாள்: "நம்ம பூட்டிக்கு யாரும் மெழுகுவர்த்தி வைக்கலைன்னா?" எங்கள் ஆச்சிக்கும் இப்போது ஞாபக மறதி. என்னையே சில நாள் யாரென்று கேட்பார்கள். அதனால் அந்தக் கேள்வி சும்மா வரவில்லை.

எசாயா 49ஐ வாசித்தோம். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன், என் உள்ளங்கையில் உன்னைப் பொறித்திருக்கிறேன் என்கிற இடம். அடுத்து லூக்கா 23. சிலுவையில் தொங்கும் கள்வன் கேட்பதும் என்னை நினைவில் கொள்ளும் என்றுதானே? உலகத்தில் அவனை நினைக்க நாதியில்லை. அவன் கேட்ட ஆள் சரியான ஆள். எக்டர் தன் மகளின் நினைவை நம்பி இருக்கிறார், அந்த நினைவு தேய்கிறது. கள்வன் கேட்ட இடத்தில் தேய்மானம் கிடையாது. அன்று இரவு என் பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

பாளை_அண்ணாச்சி

டீச்சர், லூக்கா 23 சொன்னது அருமை, வணங்குறேன். ஆனா அந்தப் படத்துல மரிச்சவங்களுக்குப் படையல் வைக்கிறாங்களே? மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்னு பிரசங்கி 9:5 சொல்லுது. நாங்களும் கல்லறைக்குப் போய்ப் பூ வைக்கிறவங்கதான், பாளையங்கோட்டையில வந்து பாருங்க. அது மரியாதை. மரிச்சவங்களுக்காக ஜெபிக்கிறதில்ல.

மறைக்கல்வி_டீச்சர் (தூத்துக்குடி)

அண்ணாச்சி, நாங்கள் ஜெபிக்கிறோம். இறந்தோருக்காக மன்றாடுவதைச் சொல்லும் 2 மக்கபேயர் 12 எங்கள் விவிலியத்தில் இருக்கிறது, உங்களதில் இல்லை. படத்தில் வருவது ரெண்டுமே கிடையாது. அங்கே கடவுளே இல்லை, கவனித்தீர்களா? இறந்தோர் உலகத்தில் அலுவலகம் இருக்கிறது, சுங்கச்சாவடி மாதிரி கணினி வைத்துப் பரிசோதனை இருக்கிறது, கச்சேரி இருக்கிறது. கடவுள் எங்கேயும் இல்லை. என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் "இந்த ஊர்ல யாரு இல்ல?" என்றுதான் ஆரம்பித்தேன். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி ஆகும்.

நெறியாளர்

மக்கபேயர் பற்றி மேலும் பேச விரும்புகிறவர்கள் 'சபைகளும் கோட்பாடுகளும்' பகுதிக்குப் போகவும். இங்கே படங்கள்.

ஐயரம்மா

டீச்சர் கேட்ட கேள்வியை நானும் எடுத்துக்கிறேன், நன்றி.

எங்க வீட்டுக்காரர் ஐயர் (சபைப் போதகர்), அதனால நாங்க பாக்குற படம்கூட சபைக்குச் செய்தி. (முன்ன இருந்த சபை வட்டாரத்துல ஒருத்தங்க பால் வாங்க வந்துட்டு டிவில என்ன ஓடுதுன்னு எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. சிரிச்சுக்கிட்டேன்.) நான் சொல்ல வந்தது 'என்கான்டோ' பத்தி. கொலம்பியாவுல ஒரு பெரிய குடும்பம், எல்லாருக்கும் ஒரு அற்புத வரம். ஒருத்திக்குப் பூ பூக்கும், ஒருத்திக்கு யானைப் பலம், சித்தப்பாவோ மாமாவோ ஒருத்தருக்கு வருங்காலம் தெரியும். மிராபெல்லுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. பாட்டிக்கோ குடும்பப் பேர்தான் முக்கியம், ஊரு நம்மளப் பாக்குதுன்னு. வீட்டுச் சுவர்ல விரிசல் விழுறத மிராபெல் சொன்னா, அப்படி ஒண்ணும் இல்லன்னு மறைக்கிறாங்க.

என் ரெண்டு பிள்ளைகளும் அன்னிக்கு வாயே திறக்கல. படம் முடிஞ்சதும் பெரியவன் கேட்டது: "அந்த வீடு நம்ம பார்சனேஜ் மாதிரி இருக்குல்லம்மா?" (பார்சனேஜ்னா போதகர் குடும்பம் குடியிருக்க சபை கொடுக்குற வீடு.)

பாஸ்டர் பிள்ளைகள வளத்தவங்களுக்குப் புரியும். வசனப் போட்டியில முதல் பரிசு வாங்கணும், கீபோர்டு வாசிக்கணும், வி.பி.எஸ்.ல (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆக்‌ஷன் சாங்குக்கு முன்வரிசையில நிக்கணும். யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. ஊரு பாக்குது, அவ்வளவுதான். யானைப் பலம் உள்ள அக்கா பாரம் தூக்கித் தூக்கி உள்ளுக்குள்ள நடுங்குறதப் பாட்டாப் பாடுவா. அந்தப் பாட்டு எங்க பெரியவனுக்கு ஏன் பிடிக்கும்னு அன்னிக்குத்தான் விளங்குச்சு.

வேதம் எடுத்தோம், ஆனா அவனுக்குப் பாடம் நடத்த இல்ல. 1 கொரிந்தியர் 12:22, பலவீனமாத் தெரியுற அவயவம்தான் மிகவும் வேண்டியதுன்னு. படத்துல கடைசியில வீடு இடிஞ்சு விழும், ஊரே வந்து கல் சுமந்து கட்டும், அதுக்குப் பிறகுதான் அற்புதம் திரும்பும். "வரம் திரும்பாமலே போயிருந்தா அந்தக் குடும்பம் சந்தோஷமா இருந்திருக்குமா?"ன்னு எங்க வீட்டு ஐயர் கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு ராத்திரிச் சாப்பாடு முழுக்க வாதாடினாங்க. அடுத்த வருஷம் வசனப் போட்டிக்குப் பேர் கொடுக்கலன்னு பெரியவன் சொன்னான். சரின்னோம்.

மதுரை_சித்தி

எங்க கதை வேற. 'மோவானா' படத்துல மாவின்னு ஒரு பாதி தேவன் வருவார். அதப் பாத்துட்டு எங்க அக்கா பையன் கீழ்வீட்டுக் கார்த்திக்கிட்ட போய், "மாவி பொய்ச் சாமி, பாக்காத"ன்னு சொல்லிட்டான். அவன் நேரா அவங்கம்மாகிட்ட போய், "நம்ம சாமியும் பொய்யா?"ன்னு கேட்டிருக்கான். அவங்கம்மா எங்களுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் போகும். சங்கடமாப் போச்சு. பிள்ளைக்கு விசுவாசத்தையும் சொல்லணும், அடுத்த வீட்டுப் பிள்ளையப் புண்படுத்தாமவும் இருக்கணும். எப்படி?

வேளச்சேரி_அப்பா

சித்தி, அப்போஸ்தலர் 17. பவுல் அத்தேனேயில நடந்து போய் அவங்க ஆராதிக்கிற இடங்களை நின்னு பாக்குறார். உள்ளுக்குள்ள வைராக்கியம் இருக்கு, 16ஆம் வசனத்துல தெரியும். ஆனா மேடையேறினதும் அவங்க கவிஞர் சொன்ன வரியையே எடுத்துப் பேசுறார். பையனுக்கு இதைக் கதையாவே சொல்லலாம். கார்த்தி வீட்டுலயும் அது மாதிரி மரியாதையோட பேசணும்னு.

மோவானாவுல மாவி பாதி தேவன், தப்பு செஞ்ச ஆள்னு படமே சொல்லுது. பாட்டி செத்து திருக்கை மீனா வர்றதுதான் எங்க வீட்டுல கேள்வி வந்த இடம். இன்னொண்ணும் சொன்னேன், பிள்ளைகள் ஆச்சரியப்பட்டாங்க: அந்தக் கதைகள் பிறந்த பசிபிக் தீவுகளான பாலினேசியாவில், சமோவா டோங்கா பக்கமெல்லாம், இன்னிக்குப் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தான். அவங்களும் தாத்தா காலத்துக் கதையையும் விசுவாசத்தையும் ரெண்டு கையில வச்சுக்கிட்டுத்தான் யோசிக்கிறாங்க. நம்ம ஊர்ல அதைப் புரிஞ்சுக்கக் கஷ்டமா என்ன?

வி.பி.எஸ்_பழைய_மாணவன்

காலேஜ் படிக்கிறேன், இன்னும் கல்யாணமே ஆகல, பெற்றோர் இழையில எட்டிப் பாக்குறதுக்கு மன்னிக்கணும். பிள்ளை பக்கத்துல இருந்து ஒண்ணு.

தாத்தா இறந்த வருஷம் 'இன்சைட் அவுட்' பாத்தோம். ஒரு பொண்ணு மனசுக்குள்ள மகிழ்ச்சி, சோகம் எல்லாம் ஆளா வர்ற படம். எங்க வீட்டுல யாராவது முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டா உடனே "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு 1 தெசலோனிக்கேயர் வந்துரும். அந்தப் படத்துல பிங் பாங்னு ஒரு கற்பனைத் தோழன், தன் வண்டிய இழந்துட்டு உக்காந்துருவான். மகிழ்ச்சி வந்து கிச்சுகிச்சு மூட்டும், வேடிக்கை காட்டும், ஒண்ணும் நடக்காது. சோகம் வந்து பக்கத்துல உக்காந்து, "அது உனக்குப் பிடிச்சதுல்ல"ங்கிற மாதிரி பேசும். அவன் அழுதுட்டு எந்திரிச்சுருவான். அப்பா அந்த இடத்துல படத்த நிறுத்திட்டு, "யோபு சினேகிதர் ஏழு நாள் வாயத் திறக்காம தரையில உக்காந்தாங்களே, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, பேச ஆரம்பிச்சதும்தான் கெட்டுச்சு"ன்னார். பிறகு லாசரு கல்லறைகிட்ட இயேசு கண்ணீர் விட்டது. அப்பாவும் கொஞ்சம் அழுதார். வருஷக்கணக்கா நான் கேட்ட பிரசங்கத்துல மிச்சம் இருக்கிறது குறைவு, அந்தப் பேச்சு அப்படியே இருக்கு.

வடசேரி_அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி பாத்தாச்சு, மாமியும் கூட இருந்தாங்க, ஜெபமாலையில்லாத குறைதான். படத்துல ஜினுன்னு ஒரு பேய்ப் பையன். நானூறு வருஷம் முன்ன அம்மாவையும் தங்கச்சியையும் பட்டினில விட்டுட்டுத் தான் மட்டும் அரண்மனைக்குப் போனவன். கடைசியில ரூமிக்காக உயிரக் கொடுத்துருவான். எல்லாரும் கண்ணத் துடைக்கிற இடம். மகள் மட்டும் மொறைச்சுக்கிட்டு இருந்தா. என்னடின்னு கேட்டேன். "அவன் ரூமிக்குத்தான் நல்லவனானான். அம்மாகிட்டயும் தங்கச்சிகிட்டயும் சாரியே கேக்கலையே"ங்கிறா.

நான் என்ன சொல்றதுன்னு முழிச்சேன். மாமிதான், "சகேயு கூட ஏமாத்தி வாங்குனத நாலத்தனையாத் திருப்பிக் குடுத்தான், மக்கா"ன்னாங்க. பிறகு ரெண்டு பேரும் சேந்து, செத்துப் போனவங்ககிட்ட எப்படித் திருப்பிக் குடுக்கிறதுன்னு பேசிக்கிட்டாங்க. நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

பாளை_அண்ணாச்சி

மாமிக்கு ஜே. சரி, வேளச்சேரித் தம்பி, வேதப் படத்துக்குப் பின்னாடி வர்றேன்னீங்களே, வரலையே? பேரப்பிள்ளைகள் மே லீவுக்கு வராங்க. 'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' போடலாமா? பெரியவனுக்குப் பத்து, குட்டிக்கு நாலு.

வேளச்சேரி_அப்பா

வந்துட்டேன். என் கட்சி இதுதான்: வேதப் படத்தைத்தான் கூடுதல் கவனமாப் பாக்கணும். பேய்ப் படத்தைப் பாத்துட்டு யாரும் அதை வேதம்னு நம்பப் போறதில்ல. மோசே படத்தைப் பாத்தா, பிள்ளைக்கு ஆயுசுக்கும் யாத்திராகமம் அந்தப் படமாத்தான் ஞாபகம் இருக்கும். 2017ல வந்த 'தி ஸ்டார்' கழுதைப் படத்துல இயேசு பிறந்து மேய்ப்பர் வந்த அதே ராத்திரி மூணு சாஸ்திரிகளும் தொழுவத்துக்கு வந்துருவாங்க. மத்தேயு 2:11ல அவங்க வர்றது வீட்டுக்கு. மூணு பேர்ங்கிற எண்ணிக்கையும் அங்க இல்ல. நம்ம கிறிஸ்துமஸ் டிராமாவும் அதே லட்சணம்தான், அதனால படத்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல.

'பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' 1998. கையால வரைஞ்ச காலத்துப் பெரிய வேலை, செங்கடல் பிளக்கிற இடம் இன்னிக்கும் புல்லரிக்கும். கலைச் சுதந்திரம் எடுத்திருக்கோம், மூலக்கதை யாத்திராகமத்துல இருக்குன்னு ஆரம்பத்துலயே எழுத்துல போட்டுடுறாங்க. அந்த அட்டையை நிறுத்திப் பெரியவனை வாசிக்கச் சொல்லுங்க. படம் முடிஞ்சதும் யாத்திராகமம் 1, 2 அதிகாரத்தைக் கையில கொடுத்து, என்னென்ன மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. எங்க பிள்ளைகள் போலீஸ் மாதிரித் தேடினாங்க.

கிடைக்கிறதுல சில: மோசேயை ஆத்துல எடுக்கிறது படத்துல ராணி, வேதத்துல பார்வோன் குமாரத்தி. மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் படத்துல இல்ல, ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜா கட்டளையை மீறின முதல் ஆளுங்க அவங்கதான். மோசேயோட அக்கா மிரியாம் துணிஞ்சு போய்ப் பேசி, பெத்த தாயே தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க அரண்மனைச் சம்பளம் வாங்கின கதையும் போச்சு. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். எகிப்தியன் சாவு படத்துல கைதவறி நடந்த விபத்து. 2:12ல மோசே அங்கும் இங்கும் பாத்து, யாரும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, கொன்னு மணல்ல புதைக்கிறான். பத்து வயசுப் பையன்கிட்ட, "படக்காரங்க ஏன் இதை மாத்துனாங்க? வேதம் ஏன் மறைக்கல?"ன்னு கேளுங்க. நாயகனுக்கு அழுக்கு இருக்கலாம்னு வேதத்துக்குப் பயமில்ல.

குட்டிக்கு வேணாம் அண்ணாச்சி. குழந்தைகளை முதலைகிட்ட போடுற கனவு ஒண்ணு வரும், தலைச்சன் பிள்ளைகள் சாகுற இடம் சத்தமே இல்லாம இருக்கும், அதுதான் இன்னும் பயம். அவன் தூங்கின பிறகு பெரியவனோட பாருங்க. குட்டிக்கு உங்க சூப்பர்புக்.

ஸ்கார்பரோ_சித்தப்பா

மோசேக்கு அப்ப எண்பது வயசு எண்டும் சொல்லுங்கோ, யாத்திராகமம் 7:7. படத்திலை முப்பது வயசுப் பொடியன் மாதிரி நிக்கிறார்.

பாளை_அண்ணாச்சி

எண்பதா! எனக்கு அறுபத்தெட்டுதான். மோசேயோட அண்ணன் ஆரோன் படத்துல எப்படி, நல்லாப் பேசுவாரா? நம்ம பெரியவனுக்கு ஆரோன்னுதான் பேரு.

வேளச்சேரி_அப்பா

அந்தப் பேச்சை மட்டும் படத்துக்கு முன்னாடி எடுக்காதீங்க அண்ணாச்சி. மோசேக்காகப் பேசினவர், பார்வோன் முன்னால கோலைப் போட்டவர், படத்துல பாதி நேரம் ஓரமா நின்னு "வேணாம், வம்பு"ங்கிறார். பேரன் கோவிச்சா யாத்திராகமம் 7:10ஐக் காட்டுங்க. ஆரோன் பொன் கன்னுக்குட்டி செஞ்ச 32ஆம் அதிகாரத்தை அவனே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.